நீர்ப்பல்லி உறங்கும் இடம்

டீலியா மல்வியின் நாக்கைப் பற்றி எங்கள் பக்கத்தில் மூன்று மாதாகோவில் பங்குகளைச் சேர்ந்த ஊர்களுக்கெல்லாம் தெரியும். கொதிநீரைக் கொட்டிக்கொண்டவர்கள், ரொட்டிச் சட்டியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட பெண்கள், லாடம் அடிக்கும் கொல்லன் என்று எல்லாரும் டாக்டர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்கு வருவார்கள். அவள் புண்ணை மூன்று தடவை நாக்கால் தடவுவாள். அவ்வளவுதான் வைத்தியம். அதற்குக் கூலி வாங்கக் கூடாது. கூப்பிடாமல் தானாகப் போய்ப் பார்க்கக் கூடாது. ஒருவர் வந்து கேட்டுவிட்டால் மாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. இதெல்லாம் அவள் போட்ட சட்டமில்லை. அயர்லாந்தில், எங்கள் லீட்ரிம் மாவட்டத்தில் வரம் கிடைத்த எவருக்கும் உள்ள சட்டம்.

வரம் கிடைப்பதற்கு ஒரே வழிதான். உயிருள்ள நீர்ப்பல்லியைப் பிடித்து, அதன் வயிற்றைத் தலையிலிருந்து வால்வரை மூன்று முறை நக்க வேண்டும். அந்தப் பிராணியைப் பற்றி இது ஒன்றைத் தவிர நல்ல வார்த்தை எங்களிடம் கிடையாது. அறுத்த புல் காயும் வயலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் தொண்டை வழியாக இறங்கிக் குடியேறிவிடும், அப்புறம் நாம் தின்பதெல்லாம் அதற்குத்தான் போகும் என்று சொல்வோம். வேலை நேரத்தில் குறட்டை விடுகிறவர்களை எழுப்ப இதைவிட நல்ல கதை இல்லை.

நீர்ப்பல்லி சில மாதம் தண்ணீரிலும் மிச்ச மாதம் தரையிலும் வாழும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் தரையில் பல்லி மாதிரி எது ஓடினாலும், அது குட்டையை விட்டு ஏறிவந்து உடம்பு காய்ந்துபோன நீர்ப்பல்லி என்றே எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். டீலியாவின் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அவளுக்கு ஏழு வயதானபோது, அடுப்பில் எரிக்கக் கரிமண் வெட்டும் சதுப்பு நிலத்தில், வெயில் காய்ந்த ஒரு மேட்டில் ஒன்றைப் பாய்ந்து பிடித்தார். மகளின் வாய்க்கு நேரே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். வைக்கோலை நக்குவதுபோல் இருந்தது, ஒரு ருசியும் இல்லை. மூன்றாம் தடவை முடிந்ததும் அது திமிறிக்கொண்டு ஓடிவிட்டது. அப்பாவின் விரலிடுக்கில் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் சுட்ட கட்டைவிரலோடு வந்து நின்றார்.

வரம் கொடுத்த பிராணி எப்படித்தான் வாழ்கிறது என்று பார்க்கும் ஆசை அதற்கப்புறம்தான் அவளுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஹேசல் மரக்காடு. காட்டின் ஓரத்தில், ஒரு காலத்தில் ஆளிச்செடித் தண்டை நாருக்காக ஊறப்போட்ட குட்டை. இப்போது ஆளி விதைப்பவர் இல்லை. குட்டை நீர்ப்பல்லிகளுடையதாகிவிட்டது. டீலியா மணிக்கணக்கில் அதன் கரையில் குப்புறப் படுத்துக்கிடப்பாள். பள்ளிக்கூடத்திலோ கோவிலிலோ அவள் இவ்வளவு கவனமாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் குளிர் விட்டு முதல் மழை பெய்ததும் அவை காட்டிலிருந்து இறங்கும். ஆள் விரல் நீளம்தான் இருக்கும். நடை மெதுவாக இருக்கும், அவசரம் என்பதே கிடையாது. எந்தக் குட்டையில் பிறந்ததோ பெரும்பாலும் அதே குட்டைக்குத்தான் வரும். தண்ணீரில் இறங்கி ஒரு மாதத்தில் ஆணின் முதுகில் கழுத்திலிருந்து வால் நுனிவரை அலை அலையாக ஒரு கொண்டை எழும். வயிறு ஆரஞ்சு நிறமாகும், அதில் கரும்புள்ளிகள் தெரியும். பெண்ணின் முன்னால் போய் நின்று வாலை மடக்கி விசிறி போல வீசும். பெண் திரும்பிக்கொண்டு போனால் சுற்றிவந்து மறுபடி முன்னால் நிற்கும். பெண் முட்டையைக் கொத்தாகப் போடாது. நீர்ச்செடியின் இலை ஒன்றைப் பின்னங்காலால் பிடித்து, ஒரே ஒரு முட்டையை அதில் வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். ஒரு பருவத்தில் இருநூறு, முந்நூறு இலை மடிக்கும். குஞ்சுக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள்கள் இருக்கும். தவளைக்குஞ்சுக்குப் பின்கால் முதலில் வரும், இதற்கு முன்கால் முதலில் வரும். ஆகஸ்டில் செவுள் மறைந்து கரையேறும். மூன்று வருடம் காட்டிலேயே நத்தையும் புழுவும் தின்று வளர்ந்து, அப்புறம்தான் குட்டைப்பக்கம் திரும்பும். நாரையும் வாத்தும் விட்டுவைத்தால் பத்து வருடம்கூட இருக்கும்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி ஃபிரான்சியும் செய்துகொள்ளவில்லை. பத்து ஏக்கர் சேற்று நிலத்தையும் ஆறு மாடுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே வீட்டில் காலம் தள்ளினார்கள். ஈரப் பாவாடையோடு அவள் உள்ளே வரும்போதெல்லாம் அவன் வாயைத் திறப்பான்.

"என்ன, மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வரியா? மாப்பிள்ளை சௌக்கியமா? முதுகுல சீப்பு மொளைச்சாச்சா?"

அவள் அடுப்பில் கரிமண்ணை அடுக்கிக்கொண்டே, மாப்பிள்ளை உன்னைவிடச் சுத்தமாக இருக்கிறார் என்பாள்.

முப்பத்தோராம் வயதில்தான் அந்த நாள் வந்தது. சதுப்பு நிலத்தில் கரிமண் கட்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த மேட்டில் ஒன்று படுத்திருந்தது. கையைப் போட்டுப் பிடித்தாள். வால் கழன்று துடித்தது, உடம்பு ஓடியது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்து நாலு வருடமாகப் பார்த்த நீர்ப்பல்லிகளில் ஒன்றுகூட வாலைக் கழற்றிப் போட்டதில்லை. ஒன்றுகூட வெயிலில் படுத்ததில்லை. ஒன்றுகூட ஓடியதில்லை. இதற்குச் செதில் இருந்தது, நகம் இருந்தது. நீர்ப்பல்லிக்கு இரண்டும் கிடையாது. அப்பா அன்றைக்குப் பிடித்தது வெறும் பல்லி. குட்டையை ஒருநாளும் பார்த்திராத தரைப்பல்லி. அவள் நக்கியது அதைத்தான்.

ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வேறு யாராவது குட்டைக் கரையில் இத்தனை வருடம் குப்புறப் படுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஃபிரான்சியிடம் மட்டும் சொன்னாள். அவன் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, "ஆறிப்போய்த்தானே போறாங்க? உனக்கென்ன?" என்றான். அது உண்மைதான். சின்னச் சூடு தானாக ஆறும் என்று அவளுக்குத் தெரியும். இதை எப்படிப் போய் ஊரில் சொல்வது? சொன்னால் இத்தனை வருடம் ஏமாற்றினாயா என்பார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கும் வருவார்கள். அவள் சொல்லவில்லை. மூன்று தடவை நாக்கால் தடவிவிட்டு, பெரிய புண்ணாக இருந்தால் டாக்டரிடமும் காட்டு என்று சொல்லி அனுப்புவாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். டீலியா தொட்டபிறகு டாக்டர் எதற்கு? இப்படியே இருபது வருடம் ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம் ஜனவரி மாதம். பதினொரு நாளாகத் தரை உறைந்து கிடந்தது. ஃபிரான்சி சந்தைக்குப் போயிருந்தான். மதியம் ஒரு மணிக்கு ஷான்லியின் வாடகைக் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. மலையடியில் இருக்கும் ரீட்டா கில்ரேன் இறங்கினாள். புருஷன் இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருந்தான். அவள் கையில், கம்பளியில் சுற்றி, நாலு வயது மகள் கோலெட். பன்றிக்கு வேகவைத்த உருளைக்கிழங்குக் கூழை அடுப்பிலிருந்து இறக்கிவைத்த ஒரு நிமிடத்தில் குழந்தை வலது கையை அதற்குள் விட்டுவிட்டது. கூழ் கையோடு ஒட்டிக்கொண்டது. ரீட்டா அதன்மேல் வெண்ணெயைப் பூசி மாவைத் தூவியிருந்தாள்.

டீலியா கம்பளியை விலக்கிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் செக்கச்செவேலென்று இருந்தது. அங்கே தொட்டதும் குழந்தை வீரிட்டது. விரல்களில் மாவு உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அங்கே தொட்டபோது குழந்தை சும்மா இருந்தது. அழுவதைவிட அது மோசம் என்று அவளுக்குத் தெரியும். ஆயிரம் புண் பார்த்த கண் அது.

நகரத்து ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். கார் வாசலில் நிற்கிறது. உடனே கிளம்பு என்றாள் டீலியா. கிளம்புகிறேன், நீங்கள் ஒருதரம் தடவிவிட்டால் கிளம்புகிறேன் என்றாள் ரீட்டா. முதலில் பச்சைத் தண்ணீரில் அந்தக் கூழைக் கழுவியாவது எடுப்போம் என்றாள் டீலியா. ரீட்டா குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். நாக்குப் படுவதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் வரம் பலிக்காது என்பது ஊரறிந்த சங்கதி.

அந்த இடத்தில் டீலியா மூன்று தடவை நாக்கை வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் நாக்கை வைத்தவுடன் இவளும் மற்றவர்களைப்போல நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று அவள் பயந்தாள். இருபது வருடமாக அடக்கிவைத்ததைச் சொல்லிவிட்டால் வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள் என்று நினைத்தாள். நல்லெண்ணத்தில்தான் நினைத்தாள்.

"ரீட்டா, எங்கிட்ட அந்த வரம் இல்ல. சின்ன வயசுல நான் நக்குனது நீர்ப்பல்லியே இல்ல, வெறும் பல்லி. எங்கப்பாவுக்கு வித்தியாசம் தெரியல. என்னால ஒண்ணும் ஆகாது. கொழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

ரீட்டா அவள் முகத்தையே பார்த்தாள். கோபப்படவில்லை. அழவும் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் டீலியாவுக்கு, தான் பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துபோயிற்று.

"அப்ப சரியானதைப் புடிச்சு நக்குங்க," என்றாள் ரீட்டா. "நான் இங்கயே காத்திருக்கேன்."

"இது ஜனவரி மாசம். எல்லாம் மண்ணுக்குள்ள தூங்குது."

"எங்க தூங்கும்னு உங்களுக்குத் தெரியாதா? ஊர்லயே உங்களுக்குத்தானே தெரியும். நான் கேட்டுட்டேன், டீலியா. நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது."

டீலியா ஷான்லியைப் பார்த்தாள். நாற்பது வருடமாகக் கார் ஓட்டி நாலு ஊர் பார்த்த ஆள், இவனாவது இரண்டு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதற்குள் தொழுவத்தின் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் ஒரு தந்திரம் செய்தாள். வயலோரத்துக் கல்சுவருக்குப் போய், எதுவும் இருக்காது என்று தெரிந்த கற்களை ஷான்லியைப் புரட்டச் சொன்னாள். உறைபனி எட்டும் இடத்தில் நீர்ப்பல்லி படுக்காது. கால்மணி நேரத்தில் திரும்பிவந்து ஒன்றும் இல்லை என்றாள். ரீட்டா அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதடு வெளிறியிருந்தது. நீங்கள் சரியாகத் தேடவில்லை, மறுபடி போங்கள் என்றாள் ரீட்டா. டீலியா மறுபடி போய், மறுபடி வெறுங்கையோடு வந்தாள். இந்தத் தடவை கெஞ்சினாள். காரில் ஏறு, நானும் கூட வருகிறேன், வழியில் ஏதாவது பார்க்கலாம் என்றாள். ரீட்டா அசையவில்லை. அவள் மூர்க்கம் பிடித்தவள் அல்ல. மகளுக்கு எது நல்லதோ அதற்காக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்றாம் தடவை டீலியா நேரே காட்டுக்குள் போனாள். குட்டையிலிருந்து நாற்பதடி தூரத்தில், வடக்குக் காற்று படாத சரிவில், விழுந்த மரமொன்றின் அடிக்கட்டை உளுத்துக் கிடந்தது. அதற்கடியில்தான் அவை படுக்கும். ஒரு குளிர்காலத்திலும் அவள் அதைக் கலைத்ததில்லை. இன்று ஷான்லி கடப்பாரையைப் போட்டு நெம்பினான். உறைந்த மண் விடவில்லை. அவன் வேர்வை வழிய நெம்பிக்கொண்டிருந்தான், அவள் கை நகத்தால் பறித்துக்கொண்டிருந்தாள். கட்டை புரண்டபோது, ஒரு முழ ஆழத்தில், ஈரமான மக்குப் பொடிக்குள் ஐந்து நீர்ப்பல்லிகள் ஒன்றின்மேல் ஒன்று வாலைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. கண் மூடியிருந்தது. கொண்டை கிடையாது, பளபளப்பு கிடையாது, பழைய வெல்வெட்டுத் துணி போல ஒரு மங்கல் பழுப்பு. மேலே கிடந்ததை எடுத்தாள். கூழாங்கல் போலச் சில்லென்றிருந்தது. உள்ளங்கைச் சூட்டில் ஒரு முன்கால் மட்டும், நாலு விரலோடு, மெல்ல நீண்டது.

ஐம்பத்திரண்டு வயது மனுஷி, எதையும் நம்பாதவள், உறைபனியில் மண்டியிட்டு அதை மல்லாத்திப் பிடித்து மூன்று தடவை நக்கினாள். கடும் கசப்பு. நாக்கின் நுனி மரத்துப்போயிற்று. வேறென்ன செய்வாள்? அதைத் திரும்ப மற்ற நான்கோடு வைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். ஷான்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவனைக் கன்னத்தில் அறையலாம்போல் இருந்தது அவளுக்கு.

அவள் குழந்தையின் கையில் நாக்கை வைத்தபோது மணி மூன்று ஆகப்போகிறது. வெண்ணெயும் மாவும் கூழும்தான் நாக்குக்குத் தெரிந்தன. அதன்பிறகு ரீட்டா சாதுவாக எழுந்து காரில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று அவளே சொன்னாள், இனிமேல் பயமில்லை என்றும் சொன்னாள்.

கோலெட் ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிர் பிழைத்தாள். நாலாவது வாரம் டீலியா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர், வெளியூர்க்காரர், அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. பாட்டியோ அத்தையோ என்று நினைத்து உள்ளதைச் சொன்னார். அந்தக் கூழும் வெண்ணெயும் அத்தனை நேரம் கையிலேயே ஒட்டிக்கிடந்திருக்கக் கூடாது. சீக்கிரம் வந்திருந்தால் நான்கு விரலும் நின்றிருக்கும் என்றுதான் தனக்குத் தோன்றுகிறது. இப்போது இரண்டை எடுத்தாயிற்று, மற்ற இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. டீலியா சரி என்று தலையை ஆட்டினாள். தான் எவ்வளவு நேரம் மண்ணைப் பறித்தோம் என்று பஸ்ஸில் கணக்குப் பார்த்தாள், பாதி வழியில் கணக்குப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் காலை ரீட்டா குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு டீலியா குட்டைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பெண் நீர்ப்பல்லிகள் இலை மடிக்கத் தொடங்கியிருந்தன. போன வருடம் நீர்வண்டுப் புழு கடித்து முன்கால் விரல்கள் போன ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள். அதற்கு நாலு விரலும் மறுபடி முளைத்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்தவள் முன்னால்தான் ரீட்டா மகளின் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் நன்றாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவந்த ஒரே சதையாக ஒரு மடிப்பு. அவ்வளவுதான் கை.

"பாருங்க, காப்பாத்திட்டீங்க. முழுக் கையும் போயிருக்கும்னாங்க. அசலானதை நக்கிட்டு வந்தீங்களே, அதான்."

இல்லை என்றாள் டீலியா. காத்திருந்ததால்தான் அந்த இரண்டு விரல் போயிற்று, டாக்டரே என்னிடம் சொன்னார், நான் உன்னைக் காக்கவைத்ததால் போயிற்று என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ரீட்டா சிரித்தபடி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வரம் இருப்பவர்கள் நன்றியும் ஏற்கமாட்டார்கள், பெருமையும் ஏற்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கோலெட் ஒட்டிய கையால் மேசையிலிருந்த ரொட்டித் துண்டை உருட்டி எடுக்கப் பார்த்தாள். மூன்றாம் தடவை எடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் ரீட்டா வந்த விஷயத்தைச் சொன்னாள். ரோடு போடும் இடத்தில் இன்று காலை தார்ச்சட்டி கவிழ்ந்துவிட்டதாம். மெக்பார்லன் மகன் யூஜினுக்கு மார்பிலும் கழுத்திலும் பட்டுவிட்டதாம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனார்களாம்.

"நான்தான் தடுத்தேன். அதெல்லாம் எதுக்கு, நேரா டீலியாகிட்ட கொண்டுபோங்க, இப்ப அவங்ககிட்ட நெஜமாவே இருக்குன்னு சொன்னேன். ஷான்லியும் சாட்சி சொன்னாரு. பின்னாலேயே வந்துட்டிருக்காங்க."

டீலியா நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஷான்லியின் கார் ஏற்கெனவே வளைவைத் தாண்டியிருந்தது. அவள் பாதை நடுவரை ஓடி, நிற்காதே, அப்படியே ரோட்டோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வீசினாள். அவளே ஓடிவந்து உள்ளே கூப்பிடுகிறாள் என்று நினைத்து, ஷான்லி காரை முற்றத்துக்குள் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.